வாயில் போட்டால் வாலில் வரும்

மார்ச் 4

என் அருமை டமாரத்துக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். என் இடது முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, அதைக் கணக்கில் சேர்க்காதே. உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வெல்டிங் புகையையே விழுங்கிக்கொண்டிருக்கிறாயா?

உன் கோழி பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால் பெட்டி ஒன்று செய்து அனுப்புடா என்றால், சைலன்சர் கடைக்காரன் நாலு தகட்டைப் பற்றவைத்து ஒரு டப்பா அனுப்புவான் என்று நினைத்தேன். நீ பழைய வேன் சைலன்சரை வயிறாக்கி, தகரத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இறக்கை வைத்து, நட்டுகளைக் கண்ணாக்கி, லாரியின் பின்விளக்குக் கண்ணாடியில் கொண்டையும் வைத்து ஒரு பெட்டைக் கோழியையே அனுப்பியிருக்கிறாய். அதுவும் எப்படி? அலகில் கடிதத்தைப் போட வேண்டும், வால் பக்கத்துக் கதவைத் திறந்து எடுக்க வேண்டும்! உன் மாமாவுக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறிவிட்டது.

அவர்தான் கம்பத்தை நட்டார். வழக்கம்போல் கோணல். கோழி இப்போது எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் ஜன்னலையே முறைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரே அச்சில் வார்த்த சாம்பல் நிறப் பெட்டிதான். நடுவில் மஞ்சள் கோழி என்றால் கேட்கவா வேண்டும்? தபால்காரம்மா முதல் நாள் கையை நீட்டிவிட்டு, "கொத்தாதே?" என்று கேட்டார். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் யாராவது, "இன்னிக்கு முட்டை போட்டுச்சா?" என்கிறார்கள்.

ஆகவே சட்டம் போடுகிறேன். இனி நமக்குள் போன் கிடையாது. வருஷக்கணக்காகச் சைலன்சர் சத்தத்தில் நின்று உன் காது டமாரமாகிவிட்டது. நான் பத்து நிமிஷம் கத்தினால் நீ "ம்", "சரி", "வெச்சுடறேன்" என்கிறாய். பெட்டியைச் செய்தவனே கடிதம் போடவில்லை என்றால் கோழி பட்டினி கிடக்கும். எழுது.

உன் அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கடிதம் எழுதுவதைவிட டிரக்கைத் தலைகீழாகப் புரட்டுவது சுலபம். இந்த மூன்று வரிக்கே விரல் வலிக்கிறது.

கோழி பிடித்திருந்தால் சந்தோஷம். உள்ளே மழைச்சாரல் போகாமலும் மூடி கடகடவென்று அடிக்காமலும் இருக்க சைலன்சருக்குள் வைப்பது மாதிரி இரண்டு தடுப்புத் தகடு வைத்திருக்கிறேன். வைக்க வேண்டும் என்று யோசித்துக்கூட வைக்கவில்லை. உருளையான எதைக் கையில் எடுத்தாலும் உள்ளே தகடு வைத்துத்தான் மூட வருகிறது. பழக்க தோஷம்.

கடையில் வேலை உண்டு. பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூல் டீச்சர் இந்த மாதமும் காரைக் கொண்டுவந்தார். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் வேகத்தடை மேல் பறந்துபோய் விழுகிறார்களாம், அடியில் சைலன்சர் நசுங்கிவிடுகிறதாம். காத்திருக்கும் நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் எப்படி ஓட்டுகிறார்கள் என்று நடித்துக் காட்டுகிறார். காது கேட்காத எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. போன வாரம் கார் அடியில் படுத்துப் பார்த்தேன், சைலன்சர் புத்தம் புதிதாக இருந்தது. எதற்கு வந்தார் என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை ஷட்டர் அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். பாதியில் கிரீஸ். மீதியைப் படித்தேன்.

இப்படிக்கு
தம்பி

---

ஏப்ரல் 6

டமாரமே, நலமா?

நாங்கள் நலம். மாமாவுக்குச் சளி பிடித்து விட்டது, அதாவது விட்டுவிட்டது.

அக்காவுக்குப் பெட்டி செய்து அனுப்புகிறாய், உனக்கு வரும் கடிதம் மட்டும் ஷட்டர் அடியில் கிரீஸில் குளிக்கிறதா? வெட்கமாக இல்லை?

இங்கே ஒரே கூத்து. குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து, தெருவின் ஒழுங்கு கெட்டுவிட்டது, கோழியை எடுத்தாக வேண்டும் என்றார். நான், "எடுத்துக்கிட்டுப் போங்க, ஆனா தீனி நீங்கதான் போடணும்" என்றேன். பின்னால் நின்ற தபால்காரம்மா சிரித்துவிட, மனுஷர் தானும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. போகிற போக்கில் வால் கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக்காரருக்குப் பொறுக்கவில்லை. கோழி முறைப்பதற்குப் பதில் முறைக்க ஓர் ஆந்தை வேண்டுமாம். கண்ணில் பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தை. சீக்கிரம் செய்து அனுப்பு. முனைவீட்டுத் தையல்காரம்மா தையல் மெஷின் மாதிரி ஒன்று கேட்கிறார்.

உன் டிரைவிங் டீச்சரிடம் சொல், நல்ல சைலன்சரைக் காட்டுவதற்கு வண்டி எதற்கு, நடந்தே வரலாம் என்று.

அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் மாமா நலமும் வேண்டும்.

ஆந்தை தனியாக லாரியில் வருகிறது. பூட்டுவது எப்படி என்று அதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வேறு விஷயம்.

இந்தக் குட்டி உறையைப் பார்த்துச் சிரிக்காதே. டிரைவிங் ஸ்கூலில் உரிமத்தை வைத்துக் கொடுக்கும் உறை. டீச்சர்தான் கொடுத்தார். "பெரிய கவர் தேடுறேன்னு சொல்லியே நீங்க இன்னும் ஒரு மாசம் தள்ளிடுவீங்க. இதுல போட்டு இப்பவே அனுப்புங்க" என்றார்.

அக்கா, டீச்சரைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. அவருக்கும் விருப்பம்தான். நீ பார்த்த பெண்களையெல்லாம் வேண்டாம் என்றவன் நாற்பதைத் தாண்டி வந்து நிற்கிறேனே என்று கோபப்படாதே. அவர் ஒருமுறை கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் பிரிந்தவர். அதை மறைத்து உன் சம்மதம் வாங்க எனக்கு மனசில்லை.

வேறு ஊரில் அவர் அண்ணன் புதிதாக டிரைவிங் ஸ்கூல் திறக்கிறார். வந்து பார்த்துக்கொள் என்று கூப்பிடுகிறார். ஜூன் முடிவதற்குள் டீச்சர் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் நீ என்ன சொல்கிறாய் என்று தெரிந்தால் போதும். அம்மா போன பிறகு பள்ளிக்கூட வாசலில் எனக்காக வந்து நின்றவள் நீ. உன் மனசு நோக எதுவும் செய்ய மாட்டேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்க மாட்டேன்.

தம்பி

---

மே 5

அன்பு டமாரத்துக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

ஆந்தை வந்தது. அடடா! உன் சீட்டுப்படி மாமா திருகினார், அதிசயமாக நேராகவே நிற்கிறது. கோழியும் ஆந்தையும் நாள் முழுக்க ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன. சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் நேர்வழியை விட்டு எங்கள் தெருவில் திரும்புகிறார்கள். ஒரே தெருவில் இத்தனை வருஷம் இருந்தும் பெயர் தெரியாதவர்களெல்லாம் இப்போது நின்று பேசுகிறார்கள். கடைசி வீட்டுக்காரர் தன் சாம்பல் பெட்டிக்குத் தானே மீசை வரைந்துவிட்டார். சகிக்கவில்லை, ஆனாலும் ஆசையைப் பார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முந்தாநாள் பல் டாக்டரின் மனைவி நான் பல்செட் செய்யும் அறைக்கே வந்து, உனக்கு ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். கையில் மெழுகு அச்சோடு ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, "வேண்டாங்க, என் தம்பிக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உன்னை நச்சரித்தது போதும். நீயும் உன் கடையும் நல்ல ஜோடி. நடுவில் இன்னொருத்தி எதற்கு? இப்படியே இரு, நன்றாகத்தான் இருக்கிறாய். இந்தப் பேச்சு இதோடு முடிந்தது. இனி நான் வாயைத் திறக்க மாட்டேன், நீயும் கவலைப்படாதே.

அக்கா

---

மே 28

அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

உன் கடிதம் கிடைத்தது. சரி அக்கா. நீ சொன்ன மாதிரியே இருந்துவிடுகிறேன்.

தையல் மெஷின் பெட்டி கொஞ்சம் தாமதமாகும். கடைக்கு வண்டிகள் வருவது குறைந்துவிட்டது.

தம்பி

---

ஜூன் 9

என் டமாரத்துக்கு,

உடம்புக்கு என்னடா? உண்மையைச் சொல். நாங்கள் நலம் என்று எழுதக்கூட மனசு வரவில்லை. உன் போன கடிதத்தைக் கோழி வாலிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், மீதி அங்கே இருக்குமோ என்று. வண்டி வருவது குறைந்தால் பெட்டி செய்ய நேரம் கூடத்தானே வேண்டும்? தாமதம் என்கிறாய்.

சங்கத் தலைவர் நேற்று தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, "எனக்கு ஒரு நாற்காலி மாதிரி செய்ய முடியுமா? தலைவர் நாற்காலி" என்று காதில் கேட்டார். இதைப் படித்தாவது சிரி.

அந்த டிரைவிங் டீச்சர் எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி எழுதும்போதுதான் உன் கடிதம் பாதிப் பக்கத்தைத் தாண்டுகிறது. புதுக் கதை ஏதாவது இருந்தால் எழுது.

மாமாவும் கேட்டார், "மச்சான் என் மேல கோபமா? கம்பத்தைக் கோணலா நட்டேன்னு யாராவது சொல்லிட்டாங்களா?" என்று.

அக்கா

---

ஜூன் 16

அக்காவுக்கு,

நலம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

டீச்சர் இந்த மாதக் கடைசியில் ஊரை விட்டுப் போகிறார். எல்லாம் தெரிந்துகொண்டே அவரைப் பற்றி நீ கதை கேட்காதே. அது மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி

---

ஜூன் 23

டேய் தம்பி,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் கேள்: சரி! சரி! நூறு தரம் சரி!

நீ எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்கத் தலையும் புரியாமல் காலும் புரியாமல் இருந்தேன். "எல்லாம் தெரிந்துகொண்டே" என்கிறாயே, எனக்கு என்னடா தெரியும்? இன்று காலை எதிர்வீட்டில் சத்தம். மூக்குக்கண்ணாடிக்காரரின் மகள் போனில் அழுதிருக்கிறாள், குழந்தையின் போட்டோவை அனுப்பி மாசமாச்சு, அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. அவர் தபால்காரம்மாவைப் பிடித்துக் கேட்க, அந்தம்மா, "சின்னக் கவருங்க, என் கையால இந்த ஆந்தை வாயில போட்டேன்" என்று அடித்துச் சொன்னார். ஸ்க்ரூவைக் கழற்றி ஆந்தையைத் திறந்தார்கள். உள்ளே உன் இரண்டு தகடு. பெரிய உறையெல்லாம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். குட்டி உறை மட்டும் தகட்டின் பின்னால் இருக்கும் சந்தில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். குழந்தை அதற்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தது.

என் கோழிக்குள்ளும் அதே தகடுதானே! டாக்டரிடம் வாய்க்குள் பார்க்கும் காம்பு வைத்த கண்ணாடியையும் பல் பிடுங்கும் குறடையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். மாமா டார்ச் அடிக்க, கோழியின் அலகுக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். கடைவாய்ப் பல் மாதிரி ஓரத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. குறடால் பிடித்து இழுத்தேன். உலகத்திலேயே கோழிக்குப் பல் பிடுங்கியவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் இருபது என்று தேதி போட்டிருந்தது. படித்துவிட்டு அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அடப்பாவி, மே மாசம் நான் என்ன எழுதித் தொலைத்தேன்! நடுவில் இன்னொருத்தி எதற்கு என்றேனே! நீ அதற்குச் "சரி அக்கா" என்றாயே!

பிரிந்தவர் என்றால் என்னடா? நான் தினமும் பல்செட் செய்கிறவள். பல் போனவர் இனி சாப்பிடவே கூடாது என்று யாராவது சொல்வார்களா?

உனக்குப் போன் போட்டேன். நீ, "கடை ஆறு மணிக்கு மூடிடுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நல்லவேளையாக அந்தக் குட்டி உறையில் டிரைவிங் ஸ்கூல் நம்பர் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கம் காது நன்றாகவே கேட்கிறது. மீதியை அவளே வந்து சொல்வாள். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் பழைய செய்தியாகியிருக்கும்.

உன் அக்கா

---

ஜூலை 2

மரியாதைக்குரிய உங்களுக்கு,

அக்கா என்று கூப்பிடுவதா, அண்ணி என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் காலையிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள். உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே நாங்கள் இருவரும் நலம். "இருவரும்" என்று எழுத எவ்வளவு நன்றாக இருக்கிறது!

நீங்கள் போன் செய்தபோது, வருகிறேன் என்று அண்ணனுக்கு எழுதிய கடிதம் ஸ்டாம்ப் ஒட்டி என் கைப்பையில் இருந்தது. உங்கள் தம்பி மே மாதம் என்னிடம், "அக்காவுக்கு இஷ்டமில்லை, டீச்சர்" என்று மட்டும்தான் சொன்னார். உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. நான்தான் உங்களை மனசுக்குள் ரொம்பத் திட்டிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.

போனை வைத்ததும், கார் ஓட்டப் பழக வந்திருந்த பெண் ஓட்ட, காரிலேயே கடைக்குப் போனேன். அவள் வேகத்தடையில் நிஜமாகவே சைலன்சரை நசுக்கிவிட்டாள். உங்கள் தம்பி ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். இரண்டு கால் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் மெஷின் ஓடுகிற சத்தம். காலைப் பார்த்துக் கத்தினேன்.

"உங்க அக்கா சரின்னுட்டாங்க!"

"யாரு?"

"உங்க அக்கா!"

"எந்த அக்கா?"

"உங்களுக்கு எத்தனை அக்கா? கோழி அக்கா!"

தெருவில் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மெஷினை யாரோ நிறுத்தினார்கள். அவர் மெதுவாக வெளியே நகர்ந்து வந்து, நடந்ததையெல்லாம் படுத்தபடியே கேட்டார். முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "தகட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருந்துச்சாம்?" அப்புறம்தான் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணில் துரு விழுந்துவிட்டது என்றார். "ரெண்டு கண்ணுலயுமா?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். சாட்சிக் கையெழுத்துப் போட நீங்கள் வர வேண்டும். மாமாவையும் கூட்டி வாருங்கள். நேராக நிற்கச் சொல்லி நான் பயிற்சி கொடுக்கிறேன்.

அன்புடன்
டீச்சர்

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள உங்கள் இருவருக்கும்,

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் இருவரும் உள்ளே கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது, மாமா உங்கள் கடை ஷட்டருக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியை மாட்டினார். கோணலாக. இந்தப் பெட்டிக்கு வரும் முதல் கடிதம் இதுதான். தபால்காரர் வேண்டாம் என்று நானே போடுகிறேன்.

பெட்டியைப் பார்த்து இதற்குள் அலறியிருப்பீர்கள். எனக்கு வெல்டிங் தெரியாது, பல்தான் தெரியும். அதனால் ஒரு பெரிய வாய் செய்தேன். ஈறு பல்செட்டுக்குப் போடும் அதே ரோஜா நிறம், மேலும் கீழும் முழு வரிசை. பற்களுக்கு நடுவில் கடிதத்தைப் போடலாம். உள்ளே வெறும் சரிவு. தகடு கிடையாது, சந்து கிடையாது. போட்டது போட்டபடி கையில் வந்து விழும்.

டீச்சரம்மா, நீ என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு, திட்டும்போது மட்டும் சத்தமாகத் திட்டு.

தம்பி, உனக்கு ஒன்று. கல்யாணத்தில் சிரித்துக்கொண்டே இருந்ததால் சொல்லவில்லை. கடிதம் கோழி வயிற்றில் கிடந்தது கூட எனக்குப் பெரிதில்லை. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு, அக்கா வேண்டாம் என்றாள் என்று நம்பி, ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் "சரி அக்கா" என்று எழுதினாயே, அதுதான் இன்னும் வலிக்கிறது. நான் அப்படியாடா உன்னை வளர்த்தேன்? பயந்து சரி சொல்லவா? இனிமேல் எனக்குச் சரி சொல்லாதே. சண்டை போடு. அதற்குத்தான் இந்த வாயில் ஒரு பல் விடாமல் வைத்திருக்கிறேன்.

அக்கா

---

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் மாமாவும் நலமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

சண்டை போடச் சொன்னாய், போடுகிறேன்.

ஒன்று, மேல்வரிசையில் முன்பல் தூக்கலாக இருக்கிறது. தபால்காரர் தள்ளி நின்று தூக்கிப் போடுகிறார். பாதி நாள் கடிதம் வாசலில்தான் கிடக்கிறது. இரண்டு, மழைச்சாரல் நேராக உள்ளே வருகிறது. நான் தகடு வைத்தது தப்பே இல்லை, சந்து விட்டதுதான் தப்பு. மூன்று, மாமாவுக்குக் கோணல் பார்க்க ரசமட்டம் ஒன்று வாங்கிக் கொடு. நாலு, மே மாதம் நீ எழுதியதைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஒரு நல்ல சைலன்சரைச் சுத்தியலால் அடித்து நசுக்கிப் போட்டேன். அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிட்டேன்.

ஐந்து, நீ கோழியிலிருந்து பிடுங்கிய அந்தக் குட்டி உறை. அதை டீச்சர் கேட்கிறார், தன் உறையாம். தர மாட்டேன் என்று நீ சண்டைக்கு வருவாய். வா. இரண்டு நாளாகப் பெட்டி காலியாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, எங்களுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

உன் டமாரம்